எல்லை மலையில் மின் சைக்கிள்: உரிமையும் அபாயமும் பரிகாரமும்

அருணாசலப் பிரதேசத்தின் மேற்குக் கோடியில், பாலுக்போங் வாயிலில் புகுந்து, பொம்டிலா, திராங் வழியாக ஏறி, 4,170 மீட்டர் உயரமுள்ள சேலா கணவாயைக் கடந்து தவாங்கை அடையும் மலைப்பாதையை, புகையும் இரைச்சலும் அற்ற மின் சைக்கிளில் சென்று காண விழையும் நம் இளைஞர்களின் ஆசையை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் எல்லைச் சட்டமும் மலையின் இயற்கையும் அறியாமையைக் காரணம் காட்டினால் எவரையும் மன்னிப்பதில்லையாதலால், புறப்படுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, அனுமதி. 1873-ஆம் ஆண்டில் பிறந்த வங்காளக் கிழக்கெல்லை ஒழுங்குமுறைச் சட்டம் அங்கே இன்றும் அமலில் இருப்பதால், வெளி மாநிலத்தவர் எவரும் ‘இன்னர் லைன் பெர்மிட்’ இன்றி உட்புக இயலாது. அதை இணையத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். மோன்பா முதலிய மலைவாசிகளின் நிலமும் வாழ்வும் பிறர் கைப்படாமல் காக்கும் அரணாக அது இன்று விளங்குகிறபடியால், அதைத் தொல்லையென்று கருதுவது நியாயமன்று. தவாங்குக்கும் அப்பால் திபெத் எல்லையிலுள்ள பும் லா கணவாய்க்கு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தனி அனுமதி பெற வேண்டும்.

250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் மேற்படாத, முறையான சோதனைச் சான்று பெற்ற மின் சைக்கிளுக்குப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் அந்தச் சலுகை வண்டிக்கு உரியதேயன்றி, ஏறிச் செல்பவருடைய பெர்மிட்டுக்கு உரியதன்று. அவ்வரம்பைத் தாண்டிய வண்டிக்கோ பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் அனைத்தும் அவசியம்.

இரண்டாவது, அபாயம். ஆளும் வண்டியுமாக நூறு கிலோ எடையை ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏற்றவே ஏறத்தாழ 270 வாட்-மணி சக்தி வேண்டும். மோட்டாரில் விரயமாவதையும் சேர்த்தால் சுமார் 340 ஆகும். திராங்கிலிருந்து சேலாவுக்கு ஏற்றம் 2,600 மீட்டருக்கும் அதிகமாதலால், காலால் மிதிக்காமல் மோட்டாரையே நம்பினால் 900 வாட்-மணி செலவாகும். 500 வாட்-மணி பாட்டரியோ பாதி வழியைச் சற்றே தாண்டியதும் ஓய்ந்துவிடும். கடுங்குளிரில் அதன் திறன் மேலும் குறையும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் பாட்டரி நிரந்தரமாகப் பழுதாகும். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பாட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டு செல்லவும் முடியாது.

உடலுக்கும் எச்சரிக்கை உண்டு. 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் தோன்றினால் மேலே ஏறாமல் நிற்க வேண்டும். மூச்சுத் திணறலோ தள்ளாட்டமோ மனக்குழப்பமோ கண்டால் உடனே கீழே இறங்குவதே முதல் சிகிச்சை. எல்லைப்பகுதியாதலால், ராணுவ நிலைகளையும் பாலங்களையும் படமெடுப்பது விபரீதத்தில் முடியும். உரிமமின்றிச் சாட்டிலைட் போன் வைத்திருப்பதும் குற்றம்.

மூன்றாவது, பரிகாரம். வாடகைக் கடைக்காரர் புதிய பாட்டரி என்று சொல்லி, பாதித் தூரம்கூடத் தாங்காத பழையதைத் தந்து, பின்னர் முன்பணத்தையும் பிடித்துக்கொள்வாரானால், மலையில் கண்ட நஷ்டத்தை விதியென்று விட்டுவிட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தாம் வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்ச ரூபாய் வரையில் கட்டணமும் இல்லை. அதற்கு முன்பே 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஆனால் ரசீதும், எழுத்திலான ஒப்பந்தமும், வண்டியை வாங்கிய கணத்தில் எடுத்த படங்களும் இல்லாதவருக்குச் சட்டம் எவ்வளவு துணை நிற்க இயலும்?

ஆகவே இளைஞர்களே, பெர்மிட்டும், ரசீதும், அவசர உதவிக்கு 112 என்ற எண்ணும், பாட்டரியின் கணக்கும் கையில் இருந்த பின்னரே பாலுக்போங் வாயிலை நாடுங்கள். அங்கே வாழும் மக்களின் விருந்தினராகச் செல்கிறோம் என்ற நினைவையும் மறவாதீர்கள்.