மருத்துவக் கல்விக்கு முந்தைய புறப்பாடச் செயற்பாடுகள் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்புவோர் பொதுவாக முதலில் நான்காண்டு இளங்கலைப் பட்டம் பெறுகின்றனர். அக்காலத்தில் வகுப்பறைக்கு வெளியே அவர்கள் மேற்கொள்ளும் பணிகள் புறப்பாடச் செயற்பாடுகள் எனப்படும். சேர்க்கையின்போது பட்டப்படிப்பு மதிப்பெண்கள், எம்கேட் தேர்வு ஆகியவற்றுடன் இவையும் கருத்தில் கொள்ளப்படுகின்றன.

வகைகள்

மருத்துவருடன் இருந்து அவரது பணியைக் கவனித்தல், மருத்துவமனைத் தன்னார்வப் பணி, ஆய்வக ஆராய்ச்சி, சமூகத் தொண்டு, கற்பித்தல் ஆகியன முதன்மையானவை. உடனிருந்து கவனிக்கும் மாணவர் சிகிச்சை அளிப்பதில்லை. நோயாளியின் தனியுரிமையைக் காப்பது அவரது கடமை. மருத்துவக் குறிப்பெழுதுநர், ஆம்புலன்சு பணியாளர் போன்ற ஊதியப் பணிகளும் உண்டு.

விண்ணப்பம்

பெரும்பாலான கல்லூரிகள் ஏற்கும் ஆம்காசு பொது விண்ணப்பத்தில் 15 செயற்பாடுகள் வரை குறிப்பிடலாம். அவற்றுள் 3 வரை மிக முக்கியமானவை எனத் தேர்ந்து, கூடுதலாக விளக்கலாம். 15 இடங்களையும் நிரப்ப வேண்டிய கட்டாயமில்லை.

பொருளாதாரத் தடைகள்

வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஏழை மாணவர்களுக்கு ஊதியமற்ற பணிக்கு நேரம் ஒதுக்குவது கடினம். குடும்பத்தில் மருத்துவர் எவரும் இல்லாதவருக்கு உடனிருந்து கவனிக்கும் வாய்ப்பும் எளிதில் அமைவதில்லை. எனினும், கடையிலோ உணவகத்திலோ பார்த்த வேலையையும் விண்ணப்பத்தில் சேர்க்கலாம். பொறுப்புணர்வுக்கும் மனிதரோடு பழகும் திறனுக்கும் அதுவும் சான்றாகும்.