கொழுப்புக் கட்டியின் உள்ளே

தோளிலோ முதுகிலோ தோலுக்கடியில் மெத்தென்று தட்டுப்பட்டு, விரலால் அழுத்தினால் நழுவி ஓடும் கட்டி பெரும்பாலும் கொழுப்புக் கட்டிதான். மருத்துவர்கள் லைப்போமா என்பார்கள். பெரியவர்களுக்கு மென்திசுக்களில் வரும் கட்டிகளில் இதுதான் அதிகம். 40 முதல் 60 வயதுக்குள் கூடுதலாகத் தென்படும். வலி அநேகமாக இருக்காது.

வானகரம் அப்போலோவிலோ பூந்தமல்லி அரசு மருத்துவமனையிலோ, எங்கே அறுத்து எடுத்தாலும் கட்டியை ஃபார்மலினில் போட்டு பயாப்சிக்கு அனுப்புவதே முறை. இரண்டாக நறுக்கினால் உள்ளே மஞ்சள் கொழுப்பு. சுற்றிலும் மெல்லிய நாருறை. ஸ்லைடு தயாரிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுகின்றன. எனவே நுண்ணோக்கியில் தெரிவது கொழுப்பு இருந்த வெற்றிடம் மட்டுமே. ஒவ்வொரு செல்லும் காலி வட்டமாக இருக்கும். உட்கரு ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டு, மோதிரத்துக் கல் போல ஒட்டிக்கொண்டிருக்கும். உடலின் இயல்பான கொழுப்புச் செல்லும் அச்சு அசலாக இப்படித்தான். உறையை விட்டால், இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

வேறுபாடு குரோமோசோமில் இருக்கிறது. கருவளர்ச்சியின்போது செல்கள் பெருக உதவும் எச்எம்ஜிஏ2 என்ற மரபணு 12ஆம் குரோமோசோமில் உள்ளது. பிறந்த பின் பெரும்பாலான திசுக்களில் அடங்கிவிடும். பல கொழுப்புக் கட்டிகளில் அந்த இடம் முறிந்து வேறொரு குரோமோசோமோடு, பெரும்பாலும் 3ஆம் குரோமோசோமோடு, ஒட்டியிருக்கிறது. அடங்கிய மரபணு மறுபடி விழித்துக்கொள்ள, முதிராத ஒரு முன்னோடிச் செல் பெருகுகிறது. அதன் வாரிசுகள் முதிர்ந்து சாதாரணக் கொழுப்புச் செல்களாகவே முடிகின்றன. பட்டினி கிடந்து உடம்பு இளைத்தாலும் கட்டி இளைக்காது. எண்ணெய்ப் பலகாரத்தின் மேல் பழி போடுவதும் வீண்.

இதே குடும்பத்தில் வேறு வகைகளும் உண்டு. இளவயதினரின் முன்கையில் வரும் ஆஞ்சியோலைப்போமாவில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் மலிந்திருக்கும், அது வலிக்கும். வயதான ஆண்களின் பிடரியில் வருவதில் கதிர்வடிவச் செல்கள் கலந்திருக்கும். அங்கே கோளாறு 13ஆம் குரோமோசோமில். பழுப்புக் கொழுப்பிலிருந்து எழும் ஹைபர்னோமா அரிது. 1914இல் பெயர் பெற்ற இக்கட்டியின் செல்லில் ஒரே பெரிய துளிக்குப் பதில் பல சிறு துளிகள் இருக்கும்.

கவலைப்பட வேண்டியது லைப்போசார்கோமா என்னும் புற்றுநோய். தொடையின் ஆழத்திலோ வயிற்றின் பின்புறத்திலோ வளரும் இதன் ஒரு வகை, சாதாரணக் கட்டியைப் போலவே தோற்றமளித்து ஏமாற்றும். அதில் எம்டிஎம்2 மரபணுவின் நகல்கள் பல மடங்கு பெருகியிருக்கும். ஃபிஷ் எனப்படும் ஒளிர்குறிப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 5 சென்டிமீட்டரைத் தாண்டிய, ஆழத்தில் உள்ள, வேகமாக வளரும் கட்டிகளுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதனால்தான். சாதாரணக் கொழுப்புக் கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது. லைப்போசார்கோமா பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே தனி வழியில் வளர்வது.