பிளான் 300... கிடைப்பது 90! வைபை வேகம் எங்கே போகிறது?

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீடுகள் பல, முன்னே தறி, பின்னே சமையல்கட்டு என்று நீளமானவை. வாசலில் வைபை பெட்டி இருந்தால் பின்கட்டில் சிக்னல் தள்ளாடும். அதற்காக 2, 3 பெட்டிகளை இணைத்து வைப்பதுதான் 'மெஷ்' வைபை. பட்டுச்சேலையை வீடியோ காலில் காட்டி விற்பவர்களுக்கு படம் நின்றால் வியாபாரமும் நின்றுவிடும்.

300 எம்.பி.பி.எஸ். பிளானுக்கு மாறியும் 90-ஐ தாண்டவில்லையா? உடனே இன்டர்நெட்காரரை திட்டாதீர்கள். பழைய, மலிவான பெட்டிகள் பலவற்றில் ஒயர் சொருகும் போர்ட் 100-க்கு மேல் தாங்காது. மாதாமாதம் கூடுதல் காசு தண்டம்தான்! 'கிகாபிட்' போர்ட் உள்ள பெட்டி வேண்டும். இன்டர்நெட்காரர் வைத்ததே பழசு என்றால் மாற்றித்தரச் சொல்லி கேளுங்கள்.

அடுத்த வில்லன் சுவர். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை கனமான சுவரில் ரொம்பவே அடிவாங்கும். 2.4 அலை ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் கம்மி. அதனால் பெட்டிக்கு பெட்டி லேன் ஒயர் இழுப்பதே மேல். 'கேட்-5இ' ஒயர் போதும். 100 மீட்டர் வரை 1000 எம்.பி.பி.எஸ். தாங்கும். அவ்வளவு நீள வீடு ஊரில் ஏது?

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம். செல்போனில் 5 கிகாஹெர்ட்ஸ் வைபையை போட்டு, முதல் பெட்டி பக்கத்தில் நின்று வேகம் பாருங்கள். அங்கேயும் 90 என்றால் பெரும்பாலும் பெட்டிதான் காரணம். அங்கே 300 வந்து, பின்கட்டில் மட்டும் குறைந்தால் ஒயர் இழுக்க ஆள் கூப்பிடலாம்.