அச்சில் வார்த்த பொய்மீன்

ஓசூரில் அச்சு செய்யத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாகி, 1980-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 என்னும் சின்னஞ்சிறு வண்டியும், அதே காலத்தில் அசோக் லேலண்டின் லாரிகளும், சில ஆண்டுகளுக்குப் பின் டைட்டன் கைக்கடிகாரமும் இங்கிருந்து புறப்படத் தொடங்கியதிலிருந்து, அந்தப் பெரிய ஆலைகளுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களை வார்த்தும் அடித்தும் கடைந்தும் தருகிற சிறு பட்டறைகள் தெருவுக்குத் தெரு பெருகி, ‘டை’, ‘கோர்’, ‘பேட்டர்ன்’ என்ற சொற்கள் தேநீர்க் கடைப் பேச்சிலேகூடச் சகஜமாகப் புழங்கும் ஊராக அது ஆகிவிட்டது. ஆறு நாள் பிறருடைய வண்டிக்காக அச்சுச் செய்கிற கை, ஏழாம் நாள் தன்னுடைய தூண்டிலுக்காக ஓர் அச்சுச் செய்து பார்க்க விரும்பினால், அதற்கு வேண்டிய ஞானத்தில் பாதி அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதி தண்ணீரிடம் கற்க வேண்டியது.

தண்ணீரும் தூரத்தில் இல்லை. கர்நாடகத்து நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் ஓசூரைத் தொட்டு, அப்பால் காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டப்பெற்ற கிருஷ்ணகிரி அணையில் சற்று நின்று இளைப்பாறிச் செல்கிறது. அந்த அணையைப் பார்க்கப் போனவர்களுள், வாசலில் மசாலா தடவிப் பொரித்த மீனைத் தின்னாமல் திரும்பியவர்கள் மிகச் சிலரே. மண்புழுவையோ கேழ்வரகு மாவுருண்டையையோ முள்ளில் குத்தி, தக்கையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பது மீன் பிடிப்பதில் ஒரு மார்க்கம். மரத்தாலோ உலோகத்தாலோ பிசினாலோ ஒரு பொய் இரையைச் செய்து, அதைத் தூர வீசி, நரம்பைச் சுற்றி இழுக்கும்போது அது உயிருள்ள சிறுமீனைப் போலவோ தத்தளிக்கும் தவளையைப் போலவோ நடிக்கும்படி செய்து, பசியினாலோ கோபத்தினாலோ பெரிய மீன் அதன்மேல் பாயும்படி தூண்டுவது மற்றொரு மார்க்கம். இந்த இரண்டாவது மார்க்கத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த வினோதம் என்று நினைப்பவர்கள் உண்டு. சுருள் பொருத்திய கோலும் தகட்டு இரையும் மேல்நாட்டிலிருந்து வந்தவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கல்யாணி நகரிலிருந்து 1126 முதல் 1138 வரை ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூலில், தூண்டிலிட்டு மீன் பிடிப்பதை அரசனுக்குரிய விநோதங்களுள் ஒன்றாகக் கொண்டு, கோலும் கயிறும் இரையும் மீன் வகைகளும் விவரிக்கப்பட்டிருக்கின்றன. மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா 1951-இல் அந்தப் பகுதியை ஆராய்ந்து எழுதினார். அதைவிட நமக்குச் சுவையான விஷயம், மெழுகில் உருவம் சமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையும் அதே நூலில் சொல்லப்பட்டிருப்பதுதான். அச்சையும் தூண்டிலையும் ஒரே ஏட்டில் சேர்த்து வைத்த ஓர் அரசன் எண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறான்; அவ்விரண்டையும் ஒரே பொருளில் சேர்க்கத்தான் அவனுக்குத் தோன்றவில்லை போலும்!

தோன்றியவர்கள் பிறகு வந்தார்கள். அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர், கரண்டியின் குழிப்பகுதி போன்ற உலோகத் தகட்டு இரைக்கு 1852-இல் காப்புரிமை பெற்றார். படகில் உண்ணும்போது கைதவறி நீரில் விழுந்த கரண்டியை மீன் ஒன்று கௌவியதைக் கண்டே அவருக்கு அந்த யோசனை உதித்தது என்று ஒரு கதையும் வழங்குகிறது. பின்லாந்தின் ஏழை மீனவர் லாரி ரபாலா, 1936-இல் தக்கையைச் சீவி, அதன்மேல் சாக்லேட் சுற்றி வந்த பளபளப்புத் தாளை ஒட்டி, பழைய புகைப்படப் படச்சுருளை உருக்கி மெருகு பூசி, காயம்பட்ட சிறுமீனைப் போல் தள்ளாடும் இரையைச் செய்தார். இன்று அவர் பெயரால் நடக்கும் நிறுவனம் உலகப் பிரசித்தம். 1949-இல் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் தம் வீட்டிலேயே அச்சுச் செய்து மென்பிளாஸ்டிக் புழுக்களை வார்த்தார். கையில் கிடைத்ததைக் கொண்டு வேலையைத் தொடங்கியவர்கள் இவர்கள்; முறையாகப் பயின்ற பொறியாளர்கள் அல்லர்.

நம் ஏரி குளங்களில் பொய் இரைக்குப் பாயும் மீன்களுள் தலைமையானது விரால். காற்றைச் சுவாசிக்க அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டிய மீன் அது. அல்லி இலைகளுக்கிடையே பதுங்கி, மேலே ஊர்வது தவளையாயினும் எலிக்குட்டியாயினும் விட்டுவைக்காத சுபாவம் உடையது. காவிரியின் கூன்முதுகு மாசீர் அதைவிடப் புகழ் வாய்ந்தது. 1946-இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்த மாசீர் 120 பவுண்டு எடை இருந்தது. ஆனால் அந்த இனம் இன்று அழிவின் விளிம்பில் நிற்பதாகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காவிரிக்கரைக் காடுகள் 2014-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டும்விட்டன. ஆகவே மாசீரைப் புத்தகத்தில் படித்து மகிழ்வதோடு நிறுத்திக்கொண்டு, விராலுக்கு உரிய இரையைச் செய்யப் புகுவதே உசிதம்.

முதலில் வேண்டியது மூல உருவம். பட்டறை மொழியில் பேட்டர்ன். சன்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடையப் பயன்படும் வெட்பாலை மரம் இதற்கு மிகவும் ஏற்றது. இழை மென்மையாக ஓடும், கத்திக்கு எளிதில் வசப்படும். மீனோ தவளையோ, உருவத்தைச் செதுக்கியபின் உப்புத்தாளால் தேய்த்து, மெருகு பூசி, விரல் நகம் எங்கும் தட்டாதபடி வழவழப்பாக்க வேண்டும். ஏனெனில் அச்சுக்குத் தாட்சண்யம் கிடையாது. மூலத்தில் உள்ள கீறல் ஒவ்வொன்றையும் வார்ப்பு தோறும் அது திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது இரட்டை அச்சு. ஒரு சிறு மரப்பெட்டியின் அடியில் களிமண்ணைப் பரப்பி, அதில் மூலத்தைப் பக்கவாட்டில் சரியாகப் பாதி அளவுக்குப் புதைத்து, மண்ணுக்கும் உருவத்துக்கும் இடையே மயிரிழை சந்து இல்லாமல் ஓரத்தைத் திருத்தி, சுற்றிலும் பென்சிலின் பின்முனையால் நாலைந்து குழிகளை அழுத்திவைக்க வேண்டும். இக்குழிகளின் பதிவே, பின்னால் இரு பாதிகளும் இடம் பிசகாமல் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு ஆதாரம். அதன்பின், உறையவைக்கும் திரவத்தைக் கலந்த சிலிக்கோன் ரப்பரைப் பெட்டியின் ஒரு மூலையிலிருந்து நூல்போல் மெல்லியதாக ஊற்றிவர, அது தானே பரவி, காற்றை முன்னே தள்ளிக்கொண்டு உருவத்தை மூடும். அவசரப்பட்டு நடுவில் கொட்டினால் குமிழிகள் சிறைப்பட்டு, வார்ப்பில் பருக்களாக வெளிப்படும். ரப்பர் உறைந்தபின் பெட்டியைக் கவிழ்த்து, களிமண்ணை மட்டும் நீக்கி, மூலத்தை அசைக்காமல், வெளிப்பட்ட ரப்பர்ப் பரப்பு முழுவதும் வாஸ்லின் தடவி, மறுபாதியை ஊற்றவேண்டும். வாஸ்லினை மறந்தால் சிலிக்கோன் சிலிக்கோனோடு ஐக்கியமாகிவிடும். பிறகு கத்தியால் அறுப்பதைத் தவிர வேறு கதி இல்லை. கந்தகம் கலந்த களிமண் சிலவகை சிலிக்கோனை உறையவிடாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

எஃகு அச்சில் பழகியவருக்கு ரப்பர் அச்சு ஒரு விடுமுறை. எஃகில், உள்வளைந்த பகுதி ஏதும் இருந்தால் வார்ப்பு சிக்கிக்கொள்ளும் என்பதால், உருவத்தையே அச்சின் சௌகரியத்துக்குத் தக்கபடி வகுக்கவேண்டும். ரப்பரோ வளைந்து கொடுத்துச் செதில், செவுள், கண் எல்லாவற்றையும் விடுவித்துவிடும். ஆனால் ஊற்றுவாயும் காற்றுவழியும் எங்கே வைப்பது என்ற பிரச்சினை இரண்டுக்கும் பொது. உருகிய பொருள் தாழ்ந்த இடத்திலிருந்து ஏறிவர, காற்று மிக உயர்ந்த இடத்திலிருந்து வெளியேறவேண்டும். ஓசூர்ப் பட்டறைகளில் பயிற்சிக்கு வரும் பையனுக்குக்கூட இது தெரியும். புத்தகம் பார்த்துச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இதில்தான் என்பது என் அபிப்பிராயம்.

ரப்பர் அச்சில் பிசினை வார்ப்பதற்குமுன் அதனுள் வைக்கவேண்டியவை இரண்டு: மூக்கிலிருந்து வால்வரை செல்லும் துருப்பிடிக்காத கம்பி ஒன்று, வயிற்றடியில் பாரம் ஒன்று. முள்ளை மரத்திலோ பிசினிலோ வெறுமனே திருகி வைத்தால், பெரிய விரால் ஒரே உதறலில் பிடுங்கிக்கொண்டு போய்விடும். கம்பி ஊடுருவிச் சென்றால் இழுவை முழுவதையும் அதுவே தாங்கும். பாரத்துக்குப் பழைய பேரிங்கிலிருந்து எடுத்த எஃகுக் குண்டே போதும். காயலான் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும். மிதக்குமா மூழ்குமா என்பதைக் கணக்கிட்டே அறியலாம்: மூல உருவத்தை நீரில் அமிழ்த்தி, அது 20 கன சென்டிமீட்டர் நீரை விலக்கினால், கம்பி, குண்டு, முள் எல்லாம் சேர்ந்த இரையின் எடை 20 கிராமுக்குக் குறைந்திருக்கும்வரை அது மிதக்கும். பிசின் கனத்துப்போகுமானால், நுண்ணிய கண்ணாடிக் குமிழித் தூளைக் கலந்து அதை இலேசாக்குவது வழக்கம்.

இனிக் காரீயத்தைப் பற்றி. தூண்டில் குண்டுகளையும் உலோக இரைகளையும் வீட்டில் வார்ப்பவர்கள் உலகெங்கும் நாடுவது அதைத்தான். 327 டிகிரியில் உருகும், மலிவு, கனம் மிகுதி. ஆனால் இந்த உலோகத்தைப் போல் நயவஞ்சகமானது வேறில்லை. அதன் தூளும் புகையும் உடலுக்குள் போனால் எளிதில் வெளியேறா. குழந்தைகளின் மூளைக்கு அது தீங்கு செய்யாத அளவு என்று ஒன்றை உலகச் சுகாதார நிறுவனம் காணவில்லை. அன்னப்பறவைகள் ஈயக் குண்டுகளை விழுங்கி மாண்டதைக் கண்டு, பிரிட்டனில் 1987-லேயே சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. பழைய பேட்டரித் தகடுகளை உருக்கினால் அமிலமும் ஆர்செனிக் போன்ற கலப்புகளும் சேர்ந்து வருவதால், அதை ஒருவரும் எக்காரணம் கொண்டும் செய்யலாகாது. போதாதற்கு, ஈரம் உலராத பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் உருகிய உலோகத்தை ஊற்றினால், உள்ளிருக்கும் துளி நீர் நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்குக் குறையாமல் விரிந்து, உலோகத்தை முகத்தில் வாரி இறைக்கும்.

எனவே வெள்ளீயத்தைச் சிபாரிசு செய்கிறேன். விலை அதிகம், கனமும் குறைவு, உண்மைதான். ஆனால் அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். அடுப்பில் வெறும் ஈயச் சொம்பை மறந்துவைத்துவிட்டு, ரசத்துக்குப் பதில் வெள்ளிக்குட்டையைக் கண்ட குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளீயமானாலும், உருக்கும் பாத்திரம் மறுபடி சமையலறைக்குள் வரக்கூடாது. திறந்தவெளியும், முகக்கவசமும், தோல் கையுறையும், நன்றாகக் காய்ந்த அச்சும் இன்றியமையாதவை. பிசினில் வார்ப்பவர்களும் கையுறையை விடக்கூடாது. தோலில் அரிப்பு உண்டாக்குவது அதன் குணம்.

தூண்டிலை எங்கே போடுவது என்பதிலும் எச்சரிக்கை தேவை. ஏரிகளிலும் அணைகளிலும் மீன் பிடிக்கும் உரிமை கூட்டுறவுச் சங்கங்களுக்கோ குத்தகைதாரர்களுக்கோ உரியதாக இருக்கும். கேட்டு அனுமதி பெறுவது மரியாதை மட்டுமன்று, சட்டமும் ஆகும். பெங்களூரின் கழிவு சேர்ந்து கெலவரப்பள்ளியில் தென்பெண்ணை வெண்ணுரை பொங்கி ஓடும் நாட்களில் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோக நான் யோசனை சொல்லமாட்டேன். விராலிலோ, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தந்தையும் காவல் காக்கும் பருவம் ஒன்று உண்டு. அப்போது எந்தப் பொய் இரையையும் அவை மூர்க்கமாகத் தாக்கும், பிடிப்பது மிக எளிது. அந்த எளிமைக்கு ஆசைப்பட்டால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகும்.

வார்த்த இரை ஓடுகிறதா என்பதை முதலில் வீட்டுத் தொட்டியிலேயே பார்த்துவிடலாம். மீன் வடிவ இரையின் முகவாயில் செருகிய பிளாஸ்டிக் நாக்கு, இழுக்கும்போது நீரின் விசையை ஏற்றுத் தலையைக் கீழே தள்ளும். வயிற்றடிப் பாரமும் மிதப்பும் அதை மீண்டும் நிமிர்த்தும். இவ்விரண்டின் இழுபறியே நாம் காணும் தள்ளாட்டம். நாக்கைச் செங்குத்தாகச் சாய்த்தால் இரை மேலாகவே ஓடும். உடலின் போக்கிலேயே நீட்டி வைத்தால் ஆழ்ந்து போகும். ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுமானால், மூக்குக் கம்பியின் வளையத்தைக் குறட்டால் எதிர்ப்பக்கம் மயிரிழை திருப்பினால் போதும். அப்படியும் சரிப்படாமல் குப்புற விழுந்தால் குற்றம் பெரும்பாலும் பாரத்தின் இடத்தில்தான் இருக்கும். குண்டை இன்னும் தாழ்த்தி வைக்கும்படி மூலத்தையே திருத்தி, அச்சைப் புதிதாக ஊற்றவேண்டும். அச்சின் முதுகில் குண்டின் அளவையும் பிசினின் எடையையும் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த வார்ப்புக்கு மறுபடி தராசைத் தேட நேராது.