விடுமுறை வாரத்தை மாற்றிக்கொள்வதன் விலை

என் நண்பர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றபோது, கைக்கு வந்த பணிக்கொடையிலிருந்து நான்கு லட்சம் ரூபாய் செலுத்தி விடுமுறை விடுதி நிறுவனம் ஒன்றில் உறுப்பினரானார். 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் ஏழு இரவுகள் தங்கும் உரிமை. அவரை ஈர்த்தது மூணாறில் இருந்த அந்த விடுதியன்று. 'இந்த வாரத்தைக் கொடுத்துவிட்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம்' என்று விற்பனையாளர் கூறிய சொல்தான். டிசம்பர் மாதத்தில் மகள், மருமகன், பேரக்குழந்தைகளுடன் கோவா செல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து விண்ணப்பித்தும் அந்தக் கோவா கிடைக்கவில்லை.

அவரை யாரும் ஏமாற்றிவிடவில்லை. பரிமாற்றம் இயங்கும் முறையே அப்படிப்பட்டது.

ஒரே விடுதியறையைப் பலர் வாரக் கணக்கில் பங்கிட்டுக்கொள்ளும் 'டைம்ஷேர்' முறை 1960களில் ஐரோப்பாவில் தோன்றியது. ஆண்டுதோறும் ஒரே இடத்துக்குச் செல்வது சலித்துப்போகும் என்பது விரைவிலேயே தெரிந்தது. 1974இல் அமெரிக்காவில் ஆர்சிஐ நிறுவனமும், 1976இல் இன்டர்வல் இன்டர்நேஷனல் நிறுவனமும் தொடங்கப்பட்டு, ஒருவர் வாரத்தை மற்றொருவர் வாரத்துக்கு மாற்றித்தரும் பணியை மேற்கொண்டன. இந்தியாவில் விற்கப்படும் உறுப்பினர் திட்டங்கள் பலவும் இத்தகைய பரிமாற்ற அமைப்புகளுடன் இணைந்தவையே.

தம் வாரத்தைப் பரிமாற்ற அமைப்பிடம் ஒப்படைப்பதை அத்தொழிலில் 'டெபாசிட்' என்கிறார்கள். வங்கி வாடிக்கையாளருக்கு அது பழகிய சொல். ஆனால் பொருள் வேறு. நமது வைப்புத்தொகை வளரும். அந்த வைப்புக்கோ வட்டியில்லை, குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியும் ஆகும். மேலும், ஒரு வாரமும் இன்னொரு வாரமும் சமமல்ல. இடம், பருவம், அறையின் அளவு, எத்தனை மாதம் முன்னதாக ஒப்படைக்கிறோம் என்பவற்றைக் கொண்டு அதன் மாற்று மதிப்பு முடிவாகிறது. மே மாத ஊட்டி வாரத்தை வைத்திருப்பவர் கேட்கும் இடத்தில் நிற்கிறார். ஜூலை மழையில் மூணாறு வாரம் வைத்திருப்பவர் காத்திருக்கும் இடத்தில் நிற்கிறார். நண்பருடையது இரண்டாம் வகை. டிசம்பர் கடைசி வாரத்தில் கோவாவில் அறை வைத்திருப்பவர் அதை ஏன் கைவிடப் போகிறார்?

இனி எண்களுக்கு வருவோம். நண்பரின் கணக்கையே முழு எண்களாக்கி எடுத்துக்கொள்கிறேன். நான்கு லட்சத்தை ஏழு சதவீத வட்டியில் வைத்திருந்தால், அசலும் வட்டியுமாக ஆண்டு இறுதிதோறும் ஏறத்தாழ 34,300 ரூபாய் எடுத்து 25 ஆண்டுகளில் தீர்க்கலாம். ஆகவே உறுப்பினர் கட்டணத்தின் உண்மையான ஆண்டுச் செலவு அதுவே. (வட்டிக்கு வருமான வரி உண்டாதலால் சிலருக்கு இது சற்றுக் குறையும்.) தொடக்க ஆண்டில் பராமரிப்புக் கட்டணம் 20,000 ரூபாய். கூட்டினால் 54,300, ஏழு இரவுகளுக்கு வகுத்தால் இரவொன்றுக்கு 7,750 ரூபாய்க்குச் சற்று மேல். பரிமாற்ற அமைப்பின் சந்தா, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கட்டணம் ஆகியவற்றுக்கு 12,000 ரூபாய் சேர்த்தால், இரவொன்றுக்கு 9,500 ரூபாயை நெருங்குகிறது. பயணச் செலவும் உணவும் இதில் இல்லை.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். விடுதி வாடகை ஆண்டுதோறும் ஏறும். முன்பே செலுத்திய நான்கு லட்சம் ஏறாது. விற்பனையாளர் இதை அழுத்திச் சொல்வார், அது உண்மையும்கூட. அவர் மெல்லச் சொல்வது பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி. ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். நண்பர் இன்று செலுத்துவது 40,000 ரூபாய். போகாத ஆண்டிலும் அதைச் செலுத்தியே ஆக வேண்டும்.

தவணையில் வாங்குவோர் நிலை இன்னும் கடினம். நான்கு லட்சத்தை 14 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுத் தவணையாக்கினால் மாதம் சுமார் 10,930 ரூபாய். மொத்தத்தில் 1,24,000 ரூபாய்க்கு மேல் வட்டி மட்டுமே. மலைச்சாரலில் ஒரு வாரம் தங்குவதற்காகக் கடன் வாங்குவதை என்னால் பரிந்துரைக்க இயலவில்லை.

வாங்காதவர் கணக்கும் வாங்கிவிட்டவர் கணக்கும் ஒன்றல்ல. நண்பரைப் பொறுத்தவரை அந்த நான்கு லட்சம் போனது போனதுதான்; மறுவிற்பனையில் அதன் சிறு பகுதிகூடத் திரும்புவது அரிது. இன்று அவர் எடைபோட வேண்டியவை 40,000 ரூபாய்க் கட்டணமும், இப்போது 15,000 ரூபாயாகிவிட்ட பரிமாற்றச் செலவும் மட்டுமே. இரவொன்றுக்கு சுமார் 7,850 ரூபாய். பேரக்குழந்தைகள் உட்பட ஐவர் சமையலறையுடன் கூடிய பெரிய அறையில் தங்கினால், இரண்டு விடுதியறைகளின் வாடகையோடு ஒப்பிட இது நட்டமன்று. கணவனும் மனைவியும் மட்டும் பருவமல்லாத நாளில் சென்றால், 5,000 ரூபாய் அறையே அவர்களுக்குப் போதும்.

ஐந்தாம் ஆண்டில் அவருக்குக் கோவா கிடைத்தது, ஜூலையில். பள்ளி நாளாதலால் மகள் குடும்பம் வரவில்லை. கடலில் இறங்கத் தடை. இருவரும் ஏழு நாளும் தாழ்வாரத்தில் அமர்ந்து மழையைப் பார்த்திருந்தார்கள். அம்மையார் இன்றும் அந்தப் பயணத்தைத்தான் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார் என்பது என் கணக்கில் அடங்காத செய்தி.

கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தில் சிலவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். கட்டண உயர்வுக்கு உச்சவரம்பு உண்டா? பயன்படுத்தாத இரவுகள் அடுத்த ஆண்டுக்குச் சேருமா? இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும்? பரிமாற்ற அமைப்புடனான இணைப்பு முறிந்தால் என்ன செய்வார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் நிறைவேற்றிய விதி, டைம்ஷேர் வாங்குவோருக்கும் பரிமாற்றத்தில் சேருவோருக்கும் 14 நாள்களுக்குள் காரணம் கூறாமல் விலகும் உரிமையை அளித்து, அந்நாள்களில் முன்பணம் பெறுவதையும் தடுக்கிறது. இங்கு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அவகாசத்தையே பெரிதும் நம்ப வேண்டும். பரிசுக்கூப்பன் தந்து அழைத்து, 'இன்று மட்டும் இந்த விலை' என்றால் எழுந்துவிடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களை எதிர்த்து மாநில ஆணையத்தில் முறையிட வழி செய்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நண்பர் சென்ற மாதம், மீதமுள்ள பதின்மூன்று ஆண்டுகளை ஒப்படைத்து விலகும் நிபந்தனைகளைக் கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வரும்வரை வாரத்தை வீணாக்க அவருக்கு மனமில்லை. இவ்வாண்டு வாரத்தை ஜனவரியிலேயே பரிமாற்றத்துக்கு ஒப்படைத்து, நவம்பருக்குக் குடகு கேட்டிருக்கிறார்.