உஷார்! பளபளக்கும் பழைய ராணுவ ரைஃபிளா? சுடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கிறீர்களா? வேட்டை லைசென்ஸ் எடுத்தாகிவிட்டது, முதல் துப்பாக்கியை மலிவாக முடித்துவிடலாம் என்று பழைய ராணுவ ரைஃபிள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

வால்நட் கட்டை மின்னும். குழல் கருநீலமாக ஜொலிக்கும். மேலே ஸ்கோப் வேறு. அதெல்லாம் வெளிப்பூச்சு. ஆபத்து உள்ளே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் மவுசர், ஸ்பிரிங்ஃபீல்டு, லீ-என்ஃபீல்டு, அரிசாகா என்று ராணுவங்கள் கழித்துவிட்ட ரைஃபிள்கள் அமெரிக்கச் சந்தையில் வந்து குவிந்தன. 1968-ல் சட்டம் வந்து தடுக்கும்வரை தபாலில்கூட வாங்க முடிந்தது. வாங்கியவர்கள் கட்டையை அறுத்தார்கள், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடியை வளைத்தார்கள், ஸ்கோப்புக்குத் துளை போட்டார்கள், வேறு தோட்டாவுக்கு மாற்றினார்கள். தேர்ந்த கன்ஸ்மித் செய்ததும் உண்டு. வீட்டு கராஜில் கேஸ் டார்ச்சை வைத்துக்கொண்டு செய்ததும் உண்டு. இன்று விற்பனை மேஜையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். அவரிடம் இருந்தது ஜப்பானிய அரிசாகா, 6.5 மில்லிமீட்டர் குழல். அதை .30-06 தோட்டாவுக்கு மாற்றினார்கள். தோட்டா உட்காரும் சேம்பரை மட்டும் பெரிதாகக் கடைந்துவிட்டு, குழலை அப்படியே விட்டுவிட்டார்கள்! .30-06 குண்டின் விட்டம் 7.8 மில்லிமீட்டர். ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்தக் குண்டு தன்னைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் குறுகிய குழலுக்குள் நசுங்கிப் பிதுங்கிக்கொண்டு போயிருக்கிறது. அவர் அதை வைத்து மான்கூட வேட்டையாடியிருக்கிறார். "தோளில் ரொம்ப உதைக்கிறது" என்பதுதான் அவருடைய ஒரே புகார். அரிசாகாவின் இரும்பு அசாத்திய உறுதி, அதனால் பிழைத்தார். உங்கள் கையில் இருப்பதும் அதே உறுதி என்று யார் சொன்னது?

குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரை அப்படியே நம்பாதீர்கள். மாற்றியவர் புதுப் பெயரைப் பொறிக்காமலே விட்டிருக்கலாம். பொறித்திருந்தாலும் அது சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கன்ஸ்மித்திடம் கொடுத்துச் சேம்பரை அச்செடுத்து அளக்கச் சொல்லுங்கள், குழலையும் அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்பிரிங்ஃபீல்டு 1903. இதில் தயவுசெய்து கூடுதல் கவனம் வேண்டும். குழலையும் போல்ட்டையும் தாங்கும் ரிசீவரின் முன்வளையத்தில் வரிசை எண் இருக்கும். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்தது என்றால் 8,00,000-க்குக் கீழ், ராக் ஐலண்டு ஆலை என்றால் 2,85,507-க்குக் கீழ். இந்த எண்கள் இருந்தால் சுடவே சுடாதீர்கள். அந்தக் காலத்தில் உலையில் காய்ந்த இரும்பின் சூட்டைத் தொழிலாளிகள் நிறத்தைப் பார்த்தே கணித்தார்கள். மேகமூட்டமான நாளில் கண் சரியாகச் சொன்னது. வெயில் சுள்ளென்று அடித்த நாளில் அதே இரும்பு மங்கலாகத் தெரிந்தது. இன்னும் காயட்டும் என்று விட்டார்கள். 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடிப்போன ரிசீவர்களும் உண்டு. கருகிய இரும்பு வளைந்து கொடுக்காது, கண்ணாடி மாதிரிச் சிதறும். 1917-ல் சில ரைஃபிள்கள் வெடித்த பிறகுதான் காரணம் தெரிந்தது. மறுபடி உலையில் வைத்து அதைச் சரிசெய்யவும் முடியாது. எந்த ரிசீவர் நல்லது, எது கருகியது என்று வெளியே பார்த்துச் சொல்லவும் முடியாது. நூறு தடவை சுட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது சமாதானமே இல்லை.

போல்ட் கைப்பிடியைப் பாருங்கள். மவுசரில் நேராக நின்றதை ஸ்கோப்பில் இடிக்காமல் இருக்க வளைத்திருப்பார்கள், அல்லது வெட்டிப் பற்றவைத்திருப்பார்கள். பற்றவைத்த இடத்தைச் சுற்றி நிறம் மாறியிருக்கிறதா? சூடு பரவியிருந்தால் போல்ட்டின் கடினம் போயிருக்கலாம். போல்ட்டைப் பூட்டும் பற்கள் தேய்ந்து போல்ட் பின்வாங்கலாம்; சுடும்போது அது உங்கள் முகத்துக்கு நேரே இருக்கிறது. அதை மறக்காதீர்கள்.

போல்ட்டில் ஒரு எண், ரிசீவரில் வேறு எண் என்றால் எங்கோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அப்போது ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டுக்கும் சேம்பருக்கும் இடையில் தோட்டாவுக்கான இடம், சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சரிக்கும் தவறுக்கும் நடுவே ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான் வித்தியாசம். கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. கேஜ் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

1893-ம் ஆண்டு ஸ்பானிஷ் மவுசரை .308 தோட்டாவுக்கு மாற்றி விற்பதும் உண்டு. அது பிறந்தது 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு. அந்தத் தோட்டாவின் அழுத்த வரம்பு 51,000 பி.எஸ்.ஐ., .308-க்கு 62,000! 1898 மாடலில் பாதுகாப்புக்கென்று இருக்கும் மூன்றாவது பூட்டுப் பல்லும் இதில் கிடையாது. வேண்டாம், விட்டுவிடுங்கள்.

லீ-என்ஃபீல்டில் 'டி.பி.' என்ற எழுத்து தெரிந்தால் தொடாதீர்கள். அது டிரில்லுக்கு ஒதுக்கிய துப்பாக்கி, சுடுவதற்கு இல்லை. கட்டையைக் கழற்றிப் பார்க்காமலும் வாங்காதீர்கள். மரம் மூடியிருக்கும் இடத்தில்தான் துரு குழி பறித்திருக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சுட்டும் பார்த்துவிட்டீர்களா? வெளியே விழுந்த வெற்றுக் கூட்டைக் கையில் எடுங்கள். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் மோதிரம் போட்டது மாதிரிப் பளிச்சென்று ஒரு கோடு தெரிகிறதா? அந்த இடத்தில் பித்தளை இழுபட்டு மெலிந்திருக்கிறது. அடுத்த தோட்டா அங்கேயே இரண்டாகப் பிரியலாம். பிரிந்தால் கொதிக்கும் வாயு போல்ட் வழியாகப் பின்னால் பீறிடும். கண் போய்விடும். உடனே நிறுத்துங்கள். போல்ட்டைக் கழற்றித் தனியே வையுங்கள், கூட்டையும் துப்பாக்கியையும் கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள்.

இன்னும் வாங்கவில்லை என்றால், "கன்ஸ்மித்திடம் காட்டிவிட்டுப் பணம் தருகிறேன்" என்று விற்பவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் மறுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.