ஆளரவமற்ற தெருக்கள்

தென் பிரான்சின் கிராமங்களூடாக ஒரு துவிச்சக்கர வண்டிப் பயணம்

பிரான்சு நாட்டையும் துவிச்சக்கர வண்டியையும் சேர்த்து எண்ணுபவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது, 1903 ஆம் ஆண்டிலே தொடங்கி, வழக்கமாக யூலை மாதத்தில் நடைபெற்றுவரும் மாபெரும் ஓட்டப் போட்டியேயாகும். தெருவின் இருமருங்கிலும் மக்கள் திரண்டு நின்று ஆர்ப்பரிக்க, வீரர்கள் கணப்பொழுதிற் பறந்து மறையும் காட்சி அது. ஆனால், அந்த ஆரவாரம் அடங்கிய பின்னர், அந்நாட்டின் தென்பகுதியிலே ஒரு கிராமத்துத் தெருவழியே மெல்ல மிதித்துச் செல்பவன் காணும் பிரான்சு வேறு. அங்கே சில்லின் ஓசையும், சிள்வண்டின் இரைச்சலும், தூரத்து ஆட்டு மந்தையின் மணியொலியுமன்றிப் பிறிதோர் ஒலி இல்லை. ஒரு மணி நேரத்தில் எதிர்ப்படும் மோட்டார் வண்டிகளைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம்.

இத்தகைய தெருக்கள் அங்கே ஏராளம். பிரான்சிலுள்ள தெருக்களின் மொத்த நீளம் பத்து இலட்சம் கிலோமீற்றருக்கும் அதிகம். இதிலே அதிவேக வீதிகளும் தேசிய நெடுஞ்சாலைகளும் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. எஞ்சியவையெல்லாம் மாவட்டத் தெருக்களும் கிராமத் தெருக்களுமே. மிஷலின் நிறுவனத்தார் வெளியிடும் தெருப்படத்தை விரித்துப் பார்த்தால் இவ்வுண்மை நிறத்திலேயே புலப்படும். பெருஞ்சாலைகளைச் சிவப்புக் கோடுகளும், அடுத்த தரத்தனவற்றை மஞ்சட் கோடுகளும், சிறு தெருக்களை வெள்ளைக் கோடுகளும் காட்டுகின்றன. இயற்கை எழில் மிக்க தெருக்களின் ஓரத்திலே பச்சைக் கோடொன்று ஓடும். ஏற்றம் மிகுந்த இடங்களை அம்புக்குறிகள் உணர்த்தும். அனுபவம் வாய்ந்த பயணி சிவப்பை விலக்கி, மஞ்சளைப் பொறுத்து, வெள்ளையைத் தேடிச் செல்வான்.

இந்த வெள்ளைக் கோடுகள் தாமாகத் தோன்றியவை அல்ல. 1836 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் திகதி நிறைவேறிய சட்டமொன்று, கிராமத் தெருக்களைப் பேணும் கடமையை அவ்வக் கிராம சபையின் மீது சுமத்திற்று. உடல்வலிமையுள்ள ஆடவர் ஆண்டுக்கு மூன்று நாள்வரை தம் உழைப்பையும், மாடும் வண்டியும் உடையோர் அவற்றையும், தெருப்பணிக்குக் கொடுத்தல் வேண்டும்; இயலாதோர் அதற்கீடாகப் பணம் செலுத்தலாம். இவ்வாறு உழவரின் கைகளே அத்தெருக்களிற் பெரும்பாலானவற்றைச் சமைத்தன. சுமையிழுக்கும் மாட்டுக்காகவும் குதிரைக்காகவும் வகுக்கப்பட்ட தெரு, மலையை நேரே பிளந்து ஏறாது; அதன் இடுப்பைச் சுற்றிச் சுற்றியே உயரும். மாட்டின் மூச்சுக்கு இசைந்த அந்தச் சரிவு, மிதிப்பவனின் மூச்சுக்கும் இசைந்துவிட்டது.

இவ்வகைப் பயணத்துக்கு ஓர் ஆசானும் உண்டு. வொக்லூஸ் மாவட்டத்திலே 1853 இற் பிறந்து, 'வெலோசியோ' என்னும் புனைபெயரால் அறியப்பட்ட போல் த விவி என்பார், சாந்-எத்தியென் நகரிலே பட்டு வணிகராயிருந்தவர். அவ்வணிகத்தை விடுத்துத் துவிச்சக்கர வண்டித் தொழிலில் இறங்கி, 1887 இல் அதற்கெனச் சஞ்சிகையொன்றையும் தொடங்கினார். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏற்பப் பற்சில்லை மாற்றும் பொறியமைப்புக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடினார். பெரும் ஓட்டப் போட்டியை நடத்தியோர் அவ்வமைப்பை 1937 வரை அனுமதிக்கவில்லை என்பதை நோக்கினால் அவருடைய தொலைநோக்கு விளங்கும். பசிக்குமுன் உண்க, தாகத்துக்குமுன் பருகுக, களைத்துச் சோருமட்டும் மிதியாதே, வீம்புக்காக ஒருபோதும் மிதியாதே என்ற கருத்துப்பட அவர் வகுத்த நெறிகளைப் பிரெஞ்சுப் பயணிகள் இன்றும் போற்றுகின்றனர். 1930 இல், தம் நகரத் தெருவிலே டிராம் வண்டி மோதி அவர் மாண்டார். அமைதியான தெருக்களின் ஆசான் நகரத்து நெரிசலுக்குப் பலியானமை விதியின் விளையாட்டுப் போலும்!

இரு தெருக்கள், ஒரு பாலம்

வாந்தூ மலையின் தெற்கே நெஸ்க் என்னும் சிற்றாறு சுண்ணாம்புப் பாறையை அரித்து ஆழமான பள்ளத்தாக்கொன்றை உண்டாக்கியிருக்கிறது. சோ என்ற மலையூரிலிருந்து வில்-சூர்-ஓசோன் என்ற ஊருக்கு இறங்கும் தெரு, அப்பள்ளத்தாக்கின் விளிம்பிலே, பாறையைக் குடைந்த சிறு சுரங்கங்களினூடே, ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் செல்கிறது. ஒருபுறம் செங்குத்தான பாறை; மறுபுறம் அதல பாதாளம். இத்தனை எழில் வாய்ந்த தெருவிலே வாகனம் குறைந்திருப்பது ஏன்? அதற்கு வடமேற்கே மலைக்கணவாய் வழியாக வேறொரு தெரு இருக்கிறது. விரைந்து செல்வோர் அதன்வழியே போய்விடுகின்றனர். அமைதியான தெருவைத் தேடுபவர்க்கு இது நல்லதொரு சூத்திரம்: இரண்டு ஊர்களுக்கிடையே இரு தெருக்கள் உண்டாயின், விரைவுள்ளவன் விட்டுச்சென்ற தெருவே நமக்குரியது.

அங்கிருந்து தெற்கே லுபெரோன் மலையடிவாரத்தை அடைந்தால், புகையிரதம் ஓய்ந்துபோன பாதையொன்று துவிச்சக்கர வண்டிகளுக்கென்றே செப்பனிடப்பட்டிருப்பதைக் காணலாம். அதன் அருகே கலவோன் ஆற்றின்மீது மூன்று வளைவுகளோடு நிற்பது ஜூலியன் பாலம். கிறித்துவுக்கு முன் 3 ஆம் ஆண்டளவில் உரோமர் கட்டியது. இத்தாலியையும் ஸ்பானியாவையும் இணைத்த உரோமப் பெருவழி இதன்மீதே சென்றது. படைகளும் வணிகரும் யாத்திரிகரும் சென்ற இப்பாலத்தில் 2005 ஆம் ஆண்டு வரை மோட்டார் வண்டிகளும் ஓடின என்றால் நம்புவது அரிது. அருகே புதுப் பாலம் எழுந்த பின்னரே அதற்கு ஓய்வு கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டு சுமந்த அந்த முதுகின்மேல் இப்போது கால்நடையாகச் செல்வோரும் மிதித்துச் செல்வோருமே போகின்றனர்.

அமைதியின் விலை

இவற்றிலும் ஆழ்ந்த அமைதி, ரோன் ஆற்றுக்கு மேற்கேயுள்ள செவென் மலைநாட்டிலே உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஸ்டீவன்சன் 1878 இல், மொதெஸ்தீன் என்ற கழுதையுடன் பன்னிரண்டு நாள் நடந்து, அடுத்த ஆண்டு நூலாக எழுதியது இம்மலைகளைப் பற்றியே. புளொராக் நகரின் அருகிலிருந்து சான்-ஜான்-து-கார் வரை மலைமுகட்டின்மேல் ஓடும் தெரு ஒன்று உண்டு. மத உரிமைக்காக 1702 இற் கிளர்ந்தெழுந்த புரட்டஸ்தாந்து மலைவாசிகளை அடக்குதற்குப் பதினான்காம் லூயி மன்னனின் படைகள் பயன்படுத்திய வழி அது. படை நடந்த வழியிலே இன்று ஆடுகளும் பயணிகளும் நடக்கின்றனர்.

ஆயினும், இந்த அமைதியை வியந்து செல்பவன் ஓரிடத்தில் நின்று, "இங்கே வாழ்ந்தவர்கள் எங்கே?" என்று கேட்டே ஆகவேண்டும். தெருவோரத்து மலைச்சரிவுகளில் கல்லடுக்கிக் கட்டிய படிவயல்கள் பற்றைபிடித்துக் கிடக்கின்றன. அகன்று உயர்ந்த வீடுகள் சில கூரையிழந்து நிற்கின்றன. அவை பட்டுப்புழு வளர்த்த மனைகள். இம்மலைமக்கள் முசுக்கட்டை இலையாற் புழுவையும், கஸ்தானியாக் கொட்டையாற் தம்மையும் வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பட்டுப்புழுக்களைக் கொள்ளைநோய் பீடித்தது. அறிஞர் பாஸ்டர் 1865 முதல் ஆலெஸ் நகரிலே தங்கி ஆராய்ந்து நோய் தவிர்க்கும் வழியைக் கண்டபோதிலும், பழைய செழிப்பு மீளவில்லை. அதே காலத்தில், 1863 இல், இப்பகுதியின் முந்திரிகைத் தோட்டங்களிலே வேரைத் தின்னும் பூச்சி தோன்றிற்று. பின்னர் 1914 இன் யுத்தம் வந்தது. எந்தச் சிற்றூரிலும் போரில் மாண்டோரின் நினைவுக்கல் உண்டு. இன்று அவ்வூரில் வாழ்வோரின் தொகையை நினைத்துக்கொண்டு அக்கல்லிலுள்ள பெயர்களை எண்ணினால் நெஞ்சு கனக்கும். லொசேர் மாவட்டத்தின் குடித்தொகை 1851 இல் ஏறத்தாழ 1,44,000. இன்று எண்பதினாயிரத்துக்கும் குறைவு.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. செவென் நாட்டு நாவலாசிரியர் ஆந்திரே ஷாம்சோன் 1927 இல் எழுதிய 'தெருவின் மனிதர்கள்' என்ற நாவல், தெரு அமைக்க வந்த மலைக்குடியானவர் நகரத்தவராக மாறும் கதையைக் கூறுகிறது. செல்வத்தை ஊருக்குக் கொண்டுவரும் என்றெண்ணி மக்கள் வெட்டிய தெருவே, அம்மக்களை ஊரிலிருந்து கொண்டுபோகும் வழியாகவும் ஆயிற்று. வீட்டோடு மொழியும் தேய்ந்தது. புரொவான்சு மொழியில் எழுதி 1904 இல் நோபல் பரிசு பெற்றவர் கவிஞர் மிஸ்திரால். அவருடைய மொழியையும் அதன் கிளைமொழிகளையும் பள்ளிக்கூடங்கள் நெடுங்காலம் ஒதுக்கி வைத்தன. இன்று ஊரெல்லையிலே பிரெஞ்சுப் பெயர்ப்பலகையின் கீழ் அவ்வூரின் பழைய பெயரும் பலவிடத்துப் பொறிக்கப்பட்டுள்ளது. அதைப் படிப்பவர் பலர், பேசுபவர் சிலரே.

எனவே, அத்தெருக்களின் அமைதியை விலைகொடுத்து வாங்கியவர் வேறு, அனுபவிப்பவர் வேறு. இதனை உணர்ந்த பயணி சில சிறு கடமைகளை மறவான். நண்பகலில் ஊர்க் கடைகள் இரண்டு மூன்று மணி நேரம் அடைத்துவிடும். அதற்குமுன் அங்கேயே பாணும் பாற்கட்டியும் வாங்கிக்கொள்வான். நகரத்துப் பெருங்கடையிற் பொதிகட்டி வருபவனால் ஊருக்கு ஒரு சதமும் சேர்வதில்லை. ஊர் நடுவிலுள்ள நீரூற்றிலும், குடிக்கத்தகும் என்ற அறிவிப்பு இருந்தால், தண்ணீர் நிரப்பலாம். அது இல்லாவிடத்து, பூஞ்செடிகளுக்கு நீரூற்றவென இடுகாட்டில் அமைந்த குழாய் உதவும். வாழ்வோர் கடையடைத்த வேளையிலும் மறைந்தோர் வாயில் திறந்திருக்கிறது! வைகாசி, ஆனி, புரட்டாதி மாதங்கள் உகந்தவை. கவிஞரின் பெயரையே தானும் தாங்கி வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரால் காற்றை எதிர்த்து மிதித்தல் வீண். வடக்கிருந்து தெற்கே வழியை வகுத்தால் அதுவே முதுகில் கைவைத்துத் தள்ளும்.

பிரான்சிலே நூறு பேர்கூட வாழாத கிராமங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுக்கும் சபை உண்டு, தலைவர் உண்டு, கிராமத் தெருவைப் பேணும் கடமையும் சட்டப்படி இன்றும் உண்டு. குளிர்காலத்துப் பனியாற் பிளந்த தெருவைக் கோடையிலே தார் ஊற்றி அடைக்கிறார்கள். போனவர்களை எண்ணினால் அச்செலவு வீண் என்று கணக்கன் சொல்லக்கூடும். ஆனால், தெரு அழிந்த ஊருக்கு எவரும் திரும்பி வரமாட்டார்கள் என்பதை அவ்வூரார் அறிவர். நாம் சுகமாக மிதித்துச் செல்லும் அந்த வழவழப்பான கருந்தெரு, எஞ்சியிருக்கும் சிலர், வரக்கூடியவர்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் கதவாகும்.